ஒரே தண்டவாளம், பல நூல்கள்: சயாம் மரண ரயிலைப் படித்த அனுபவம்



சயாம்–பர்மா ரயில்பாதை குறித்துக் கடந்த சில ஆண்டுகளாக நான் படித்துவரும் நூல்களைப் பற்றி எழுதுமாறு ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டனர். நாவல், போர்க்கைதிகளின் தன்வரலாறு, நாட்குறிப்பு, ஆய்வுநூல் என அவை பல வகையின. சில தமிழில் உள்ளன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. அத்தனையும் ஒரே பாதையைப் பற்றியவைதாம். ஆயினும் ஒன்றை முடித்து மற்றொன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வேறொரு நாட்டைப் பற்றி, வேறொரு போரைப் பற்றிப் படிப்பது போன்ற உணர்வே எனக்கு ஏற்பட்டது. அது ஏன் என்பதைத்தான் இங்கு எழுத முயல்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுடைய பாதை அது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைகளுக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்ட நிலையில், 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17ஆம் நாள் இணைந்தன. மலையும் காடும் மழையும் நிறைந்த வழி. எந்திரங்கள் மிகக் குறைவு. மனித உடல்களே எந்திரங்களாயின. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக உழைத்தோர் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், மலாயாவிலிருந்து சென்ற தமிழர், மலாய்க்காரர், சீனர், சாவகத்தார் எனப் பலர். மலாயாவிலிருந்து சென்றோருள் மிகப் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்களே.

மனிதர்கள் மட்டுமல்லர், இரும்பும் இங்கிருந்தே சென்றது. கெமாசிலிருந்து கிளந்தான் நோக்கிச் செல்லும் கீழைக்கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாமுக்கு அனுப்பினர் ஜப்பானியர். அப்பாதை மீண்டும் முழுமையாக இயங்க 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜொகூர் எல்லையில் இருக்கும் நம்மைப் போன்றோர்க்குக் கெமாஸ் என்பது வண்டி மாறும் ஊர் மட்டுமே. இச்செய்தியைப் படித்த பிறகு அந்நிலையத்தை முன்போல் என்னால் பார்க்க இயலவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம்.

உலகம் முழுவதும் இந்தப் பாதையை அறிந்துகொண்டது ஒரு நாவலால். பியேர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் வெளியிட்ட ‘குவாய் நதிப் பாலம்’ அது. 1957இல் டேவிட் லீன் அதனைத் திரைப்படமாக்கினார். ஏழு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. சீழ்க்கை ஒலியோடு கைதிகள் அணிவகுத்து வரும் அந்தக் காட்சியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்போம். படம் எடுக்கப்பட்ட இடம் சயாமன்று, இலங்கையின் கித்துல்கல.

பூல் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். பொறியாளரான அவர் 1930களின் பிற்பகுதியில் மலாயா இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். அதாவது, காலையில் பெரட்டுக் களத்தில் நின்ற தமிழ்த் தொழிலாளர்களை நாள்தோறும் கண்டவர். தோட்ட வாழ்வை வைத்து 1951இல் ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். ஆனால் மரண ரயிலில் அவர் உழைக்கவில்லை. போர்க்காலத்தில் அவரைச் சிறைப்படுத்தியது இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சு அரசே.

நாவலைப் படித்தபோது அதன் கட்டுக்கோப்பு என்னைக் கவர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பகைவனுக்காகக் கட்டும் பாலத்தையே தன் இனத்தின் பெருமையாக எண்ணத் தொடங்கும் கர்னல் நிக்கல்சன் மறக்க முடியாத பாத்திரம். கடமை என்னும் சொல் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அந்நாவல் கூர்மையாகக் காட்டுகிறது. திரைப்படத்தில் பாலம் வெடித்துச் சிதறும். நாவலில் பாலம் தப்பிவிடும். எனக்கு நாவலின் முடிவே பிடித்தது. அது கசப்பானது, ஆகவே உண்மைக்கு அருகில் இருப்பது.

ஆனால் அந்நாவலை வரலாறாகக் கொள்வதுதான் சிக்கல். உண்மையில் தமார்க்கான் முகாமில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் தூசி, நிக்கல்சனுக்கு நேர்மாறானவர். தம் ஆட்களின் உயிரைக் காப்பதிலேயே கருத்தாக இருந்தவர். முன்னாள் கைதிகள் பலர் படத்தைக் கண்டு சினம் கொண்டனர். பாலம் நின்ற ஆற்றின் பெயரும் அப்போது குவாய் அன்று, மே குளோங். படத்தைப் பார்த்துவிட்டுப் ‘பாலம் எங்கே?’ என்று சுற்றுலாப் பயணிகள் கேட்கத் தொடங்கியதும், 1960ஆம் ஆண்டுவாக்கில் ஆற்றின் அப்பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரே மாற்றிவிட்டனர். கதைக்கு ஏற்ப ஓர் ஆறே தன் பெயரை மாற்றிக்கொண்டது! கற்பனைக்கு இத்தனை வலிமை உண்டென்றால், அக்கற்பனையில் இடம்பெறாதவர்களின் கதி என்ன? தோட்டத்தில் தமிழர்களோடு வாழ்ந்த ஒருவர் எழுதிய அக்கதையில் தமிழனுக்கு ஒரு முகம் இல்லை. பூலைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எழுத எண்ணியது வேறொன்று. ஆனால் உலகம் படித்தது அவரைத்தான்.

அடுத்துப் படித்தவை கைதிகளின் நினைவு நூல்கள். இவ்வகையில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றியது ரஸ்ஸல் பிராடன் எழுதி 1952இல் வந்த ‘நிர்வாணத் தீவு’. நெருக்கத்துக்குக் காரணம் நம் ஜொகூர். ஆஸ்திரேலியப் பீரங்கிப் படையினரான பிராடன் 1942 சனவரியில் மூவார்ப் போரில் பின்வாங்கி, காட்டில் அலைந்து பிடிபட்டவர். மூவார், பாக்ரி, பாரிட் சூலோங், யோங் பெங் என நாம் வாரந்தோறும் கடந்து செல்லும் ஊர்களெல்லாம் அந்நூலில் குண்டு மழைக்கு நடுவே வருகின்றன. பாரிட் சூலோங் பாலத்தருகே கைவிடப்பட்ட காயமுற்ற வீரர்களை ஜப்பானியர் கொன்ற செய்தியை நம் மாணவர்கள் ஓரளவு அறிவர். கொல்லப்பட்டோர் சுமார் 110 ஆஸ்திரேலியர், 40 இந்தியர்.

பிராடனின் எழுத்தில் சினமும் நகைச்சுவையும் கலந்து கொதிக்கின்றன. மன்னிப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை. நூலுக்குச் சித்திரம் வரைந்தவர் உடன் கைதியாக இருந்த ரொனால்ட் சியர்ல். கண்டெடுக்கப்பட்டால் தலை போகும் என்னும் நிலையிலும் முகாமில் ஒளித்து ஒளித்து வரைந்தவர் அவர். அக்கோட்டோவியங்களில் மனித விலா எலும்புகளைக் காணும்போது சொற்களுக்கு வேலையில்லை.

எரிக் லோமாக்ஸ் எழுதி 1995இல் வெளிவந்த ‘ரயில்வே மனிதன்’ இதற்கு நேர் எதிரான நடையில் அமைந்தது. சிறுவயது முதலே ரயில்களின் மீது தீராக் காதல் கொண்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ரயில்பாதை கட்டும் இடத்திலேயே வதைபடுகிறார். இரகசிய வானொலி வைத்திருந்ததும், பாதையின் வரைபடம் ஒன்றை வரைந்து வைத்திருந்ததும் குற்றங்கள். வதைக்கூடத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் நாகாசே தாகாஷி. அரை நூற்றாண்டுக்குப் பின், 1993இல், இருவரும் காஞ்சனபுரிப் பாலத்தருகே சந்திக்கின்றனர். பழிவாங்கும் எண்ணத்தோடு தொடங்கிய தேடல் கைகுலுக்கலில் முடிகிறது. உரக்கப் பேசாத நடை. பிராடனின் சினம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டே, லோமாக்ஸின் நூலைத்தான் நான் இருமுறை படித்தேன்.

இரண்டாம் முறை படிக்கையில்தான் ஒன்று உறைத்தது. லோமாக்ஸ் தம்மை வதைத்தவரின் பெயரை அறிகிறார். முகவரியைப் பெறுகிறார். அவருடைய நூலைப் படிக்கிறார். கடிதம் எழுதுகிறார். எங்கள் தோட்டத்தில் இளம்பருவத்தில் நான் கண்ட முதியவர்களோ, ‘சயாமுக்குப் போனான், வரவில்லை’ என்று மட்டுமே சொல்வார்கள். எந்த முகாம், எந்த மாதம், நோயா பட்டினியா, புதைத்தார்களா எரித்தார்களா என எதுவும் தெரியாது. வதைத்தவன் பெயர் இருக்கட்டும், இறந்தவன் இறந்த இடத்தின் பெயரே தெரியாது. மன்னிப்பதற்கும் மன்னிக்க மறுப்பதற்கும்கூட ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் நாகாசே பற்றிய மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும், 1945இல், பாதை நெடுகிலும் கல்லறைகளைத் தேடும் குழுவை நேச நாட்டினர் அனுப்பினர். நாகாசே அதில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் புதைகுழிகள் கண்டறியப்பட்டன. முகாம்களில் அதிகாரிகள் மறைத்து வைத்திருந்த பதிவேடுகளே அதற்கு உதவின. இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 பேர் துயில்கின்றனர். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரி என ஒவ்வொரு கல்லிலும் பொறித்திருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளர்களின் குழிகளைத் தேட அப்படியொரு குழு அனுப்பப்படவில்லை.

கைதிகளின் நாட்குறிப்புகளில் நம்மவர்கள் வராமல் இல்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப்பின் போர்க்கால நாட்குறிப்பு 1986இல் வெளியாயிற்று. மலாயாவில் மருத்துவராக இருந்து கைதியான இராபர்ட் ஹார்டியின் நாட்குறிப்பும் 1983இல் நூலாயிற்று. இத்தகைய குறிப்புகளில் தமிழர் முகாம்கள் வழியோரக் காட்சியாக வருகின்றன. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது அம்முகாம்களில் நிகழ்ந்தவை நெஞ்சைப் பிளப்பவை. கைதிகளிடம் மருத்துவர் இருந்தனர். நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரி இருந்தார். மறைவிடம் தோண்டவும் பிணத்தை எரிக்கவும் ஒழுங்குமுறை இருந்தது. தோட்டத்திலிருந்து குடும்பமாகவும் தனியாகவும் வந்த நம் மக்களுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. ஆசியத் தொழிலாளர் சாவு எல்லை மீறியதால், 1943 ஜூன் முதல் கைதி மருத்துவர்களையும் ஏவலர்களையும் கொண்ட இரு குழுக்கள் சிங்கப்பூரிலிருந்து அம்முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. ஜொகூரைக் கடந்தே அவர்களும் சென்றிருக்க வேண்டும். மருந்துப்பெட்டியில் மருந்தென்று சொல்லத்தக்கது மிகக் குறைவே.

ஆய்வுநூல்களில் பால் கிராடோஸ்கா 1998இல் வெளியிட்ட மலாயாவில் ஜப்பானிய ஆட்சி பற்றிய நூலையே முதலில் பரிந்துரைப்பேன். அவரே பதிப்பித்த, ரயில்பாதை தொடர்பான ஆவணத் தொகுதிகள் ஆறு, 2006இல் வெளிவந்தன. வறண்ட நடைதான். ஆனால் கூலிக்கணக்கு, அரிசிப் பங்கீடு, ஆள்சேர்ப்பு உத்தரவு ஆகியவற்றை அடுத்தடுத்துப் படிக்கும்போது, தோட்டத்துப் பாட்டிமார் சொன்ன கதைகளின் எலும்புக்கூடு கண்முன் எழுகிறது. போர் மூண்ட பின் இரப்பருக்கு மேலை நாட்டுச் சந்தை இல்லை. பால்வெட்டு நின்றது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம், அரிசி உண்டு என்று அறிவித்தால் யார் செல்லமாட்டார்? முதலில் சென்றோர் பலர் பசியால் சென்றவர்கள். சென்றவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்த பின்னர்தான் லாரியோடு வந்து பிடித்துச் செல்லும் நிலை வந்தது. ‘எல்லாரையும் கட்டி இழுத்துச் சென்றார்கள்’ என்று மட்டும் மாணவர்க்குச் சொல்வது பாதி உண்மையே. பசியும் ஒரு கயிறுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்நூல்களில் என்னை உறங்கவிடாத பகுதி எண்களைப் பற்றியது. மலாயாவிலிருந்து சென்றோர் சுமார் 75,000 பேர் என்பது பொதுவான கணக்கு. அவர்களுள் இறந்தோர் ஏறக்குறைய 30,000 என்று ஒரு கணக்கு கூறும். 42,000 என்று வேறொரு கணக்கு கூறும். இதைவிடக் கூடுதல் என்பாரும் உளர். இரு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 12,000. கைதிகளுள் இறந்தோரின் மொத்தத் தொகையும் 12,000க்குச் சற்று மிகுதியே! அவர்கள் பக்கத்தில் பெயரோடும் நாளோடும் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கும் அளவுக்கு நிகரான உயிர்கள், நம் பக்கத்தில் இருந்தனவா இல்லையா என்பதே தீர்க்கப்படாத ஐயமாக நிற்கிறது. படித்த நாவல் எதிலும் இதைவிடக் கொடிய வரியை நான் கண்டதில்லை. இது நாவலில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன? துன்பத்தின் அளவு அன்று. எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர், எழுதியதைக் கேட்போர் யார் என்பதே காரணம். கைதி நாடு திரும்பினார்; பதிப்பகம் இருந்தது, படை ஓய்வூதியம் இருந்தது, முன்னாள் வீரர் சங்கம் இருந்தது. நம்மவர் திரும்பிய இடம் அதே லயம். 1948இல் அவசரகாலம் பிறந்தது. மக்கள் மீண்டும் முள்வேலிக்குள் வாழ நேர்ந்தது. பழங்கதை பேச யாருக்கு நேரம்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்ததை நாம் அறிவோம். கொட்டகைப் பள்ளி, மண்டோரோ கிராணியோ பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம், பத்து வயதில் பால்காட்டுக்குப் போய்விடும் பிள்ளை என்றிருந்த காலம் அது. அப்பள்ளியில் படித்தவர்களும் படிக்காதவர்களுமே 1942இல் சயாம் வண்டியில் ஏறினர். ஆகவே அவர்களின் வரலாறு தமிழில் எழுதப்படுவதற்கு அடுத்த தலைமுறைத் தமிழ்ப்பள்ளி மாணவன் வளர்ந்து ஆளாகும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனித் தமிழ் நாவல்கள்.

போர்க்கால மலாயாவை எழுதிய தமிழ் நாவல் என்றதும் ப. சிங்காரத்தின் பெயரே பலரும் சொல்வர். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் வெளிவந்தன. பின்னதைத் தமிழின் மிகச் சிறந்த நாவல்களுள் ஒன்று என்று தமிழகத் திறனாய்வாளர் பலர் போற்றுவர். நானும் அதை வியந்தே படித்தேன். மேடானும் பினாங்கும் அதில் மணக்கின்றன. கேலியும் வீரமும் பழந்தமிழ் வாசனையும் ஒரே பக்கத்தில் வந்து மோதுகின்றன. ஆனால் அது வட்டிக்கடைப் பையன்களும் வணிகரும் இந்திய தேசிய இராணுவத்தினரும் உலவும் நகர உலகம். சிங்காரம் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்தவர். தாம் அறிந்ததை எழுதினார். லயத்துக்குள் அவர் நுழையவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் பாண்டியனின் வீரச்செயல்களில் மயங்கியிருந்த எனக்கு, அதே ஆண்டுகளில் வடக்கே காட்டில் மண்சுமந்துகொண்டிருந்தவர்களின் நினைவு இடையிடையே குறுக்கிட்டுக்கொண்டே இருந்தது.

அக்காட்டுக்குள் நம்மை அழைத்துச் சென்றவர்கள் மலேசிய எழுத்தாளர்களே. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. பின்னர் தமிழகத்திலும் மறுபதிப்புக் கண்டது. அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. தண்டவாளங்கள் இணைந்த ஆண்டிலிருந்து முதல் நாவலுக்கு 50 ஆண்டுகள். இரண்டாவதற்கு 62 ஆண்டுகள். பூலின் நாவலுக்கு 9 ஆண்டுகளே ஆயின என்பதை நினைவில் கொள்க.

இந்நாவல்கள் கலையமைப்பில் பூலையோ சிங்காரத்தையோ நெருங்குகின்றனவா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். செய்தி மிகும் இடங்கள் உண்டு. ஆசிரியர் குரல் கதைமாந்தரின் குரலை மூடிவிடும் இடங்களும் உண்டு. ஆனால் இவற்றைப் படிக்கும்போது எனக்கு நேர்ந்தது வேறெந்த நூலைப் படிக்கும்போதும் நேரவில்லை. அங்கே பேசப்படும் தமிழ் என் வீட்டுத் தமிழ். கிராணி, மண்டோர், லயம், கித்தாக் காடு, பெரட்டு, கஞ்சி என்னும் சொற்கள் அடிக்குறிப்பின்றி வருகின்றன. ஆங்கில நூல்களில் ‘கூலிகள்’ என்று கூட்டமாக நின்றவர்கள் இங்கே மாமன், மச்சான், சித்தப்பன் என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள். முறைப்பெயர் வந்ததும் கூட்டம் குடும்பமாகிவிடுகிறது. கல்லறையில் பெயர் பொறிக்க இயலாத இடத்தில் நாவலாசிரியர் கற்பனைப் பெயரையேனும் இட்டு அழைக்கிறார். அது போலிப் பெயர்தான். ஆனால் போலிப் பெயர் இட்டதனால்தான் ‘இவருக்கு ஓர் உண்மைப் பெயர் இருந்திருக்குமே’ என்ற ஏக்கம் பிறக்கிறது. அட்டவணை அந்த ஏக்கத்தைத் தருவதில்லை.

ரெங்கசாமி ஐயா 1930இல் பிறந்தவர்; ஜப்பானியர் காலத்தைச் சிறுவனாகக் கண்டவர்; தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சயாம் பாதையைப் பற்றி எழுதிய கையோடு, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழரைப் பற்றி ‘இமயத் தியாகம்’ என்னும் நாவலையும் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நன்று. சயாமுக்குப் பிடித்துச் செல்வார்கள் என்ற அச்சமும் இளைஞர்களை நேதாஜியின் படைக்குச் செலுத்திய காரணங்களுள் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர்களும் குறிப்பிடுகின்றனர். கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாதையில்தான் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தினர் பர்மாவுக்குச் சென்றனர். ஒரு தமிழன் இட்ட கட்டையின் மீது இன்னொரு தமிழன் பயணம் செய்தான். ஒருவன் தியாகியாகப் பாடப்படுகிறான். மற்றவன் கூலியாகவே நிற்கிறான். இருவரும் ஒரே லயத்தின் பிள்ளைகளாகவும் இருந்திருக்கலாம். வல்லினம் இலக்கியக் குழு 2014இல் தன் முதல் விருதை ரெங்கசாமி ஐயாவுக்கு வழங்கியது. நம் பணியைச் செய்த ஒருவர், பள்ளி வேலைகளுக்கு இடையே முதியவர்களைத் தேடிச்சென்று கேட்டு எழுதிய நூல்கள் அவை என்பதனால் நமக்குக் கூடுதல் உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

ஒரு பொழுது ரிச்சர்ட் பிளனகனின் நாவலையும் படித்தேன். 2014இல் புக்கர் பரிசு பெற்றது. டன்லப்பின் முகாமில் இருந்த கைதி ஒருவரின் மகன் அவர். அழகிய நடை. தந்தையின் துயரை மகன் எழுதியது என்பதே அதன் ஆற்றல் என்று தோன்றிற்று. நம்மில் பேரப்பிள்ளைகள் தலைமுறைதான் எஞ்சியிருக்கிறது.

வகுப்பறையில் இவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று சில ஆசிரியர்கள் வினவினர். நிலாம் பதிவேட்டில் எண்ணிக்கையை நிரப்புவதற்காக மெல்லிய கதைப்புத்தகங்களையே மாணவர் தேடுவதை நாமெல்லாம் காண்கிறோம். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு முழு நாவலைத் தருவது பொருந்தாது. வாந்திபேதிக் காட்சிகள் அவர்களுக்கு உரியவை அல்ல. ரயில் நிலையப் பகுதியை மட்டும் நான் வாசித்துக் காட்டுவதுண்டு. அதற்கு முன் கரும்பலகையில் கூலாய், லாயாங்-லாயாங், குளுவாங், பாலோ, பெக்கோக், லாபிஸ், சிகாமாட், கெமாஸ் என்று நிலையங்களை எழுதுவேன். சிங்கப்பூரிலிருந்து கைதிகளை ஏற்றிவந்த சரக்கு வண்டிகள், பெட்டிக்கு ஏறத்தாழ முப்பது பேராக, ஏறக்குறைய ஐந்து நாள் பயணமாக இவ்வழியேதான் சென்றன. 1943 ஏப்ரலில் மட்டும் ஒரு பிரிவுக்காக 7,000 பேர் 13 வண்டிகளில் சென்றனர். தம் ஊர்ப்பெயர் பலகையில் வந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ‘அந்தப் பெட்டியில் பாட்டனும் போனாரா, சார்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு பெயர். அவளுடைய கொள்ளுப்பாட்டனின் அண்ணன். அவர் போன ஆண்டு தெரியாது. அந்தப் பெயரை வகுப்புக் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்.

பெற்றோர்களே, வீட்டில் எண்பது வயதைக் கடந்த முதியவர் இருப்பின், அவர் சயாமுக்குச் சென்றவரின் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். பெயர், தோட்டத்தின் பெயர், ஏறிய நிலையம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிவையுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்தாலும் போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பின் தோட்டத்தின் பெயர்கூட முதியவர் நினைவில்தான் மீந்திருக்கிறது.

காஞ்சனபுரியில் 1990இல் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்பதன்றி அடையாளம் ஒன்றுமில்லை. அந்நகரில் உயிர்நீத்த தமிழர்களுக்காக 2023ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டிப் பெயர் பொறிப்பது நம் பழைய வழக்கம். இக்கல்லில் பொறிக்கத் தனிப்பெயர்ப் பட்டியல் இல்லாததால் அனைவர்க்கும் பொதுவாக அது நிற்கிறது.

‘நினைவுச் சின்னம்’ ஒரு படியும் ‘சயாம் மரண ரயில்’ மறுபதிப்பு ஒரு படியும் என்னிடம் உள்ளன. ஜொகூரில் உள்ள ஆசிரியர்கள் இரவல் கேட்டால் தருகிறேன். முன்னதை இப்போது குளுவாங் ஆசிரியை ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். லோமாக்ஸின் நூல் பெரிய புத்தகக் கடைகளில் கிடைக்கும். கிராடோஸ்காவின் தொகுதிகளுக்குப் பல்கலைக்கழக நூலகத்தைத்தான் நாட வேண்டும். விலை நம் சம்பளத்துக்கு எட்டாது.